மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது?

மட்டாஞ்சேரிக் கரையில் நின்று காயலைப் பார்த்தால் எதிரே தெரிவது வில்லிங்டன் தீவு. துறைமுகத்துக்காக ராபர்ட் பிரிஸ்டோ ஆழப்படுத்திய கால்வாயின் மண்ணைக் கொட்டி விரித்த நிலம் அது. இரண்டாம் உலகப்போரில் அதுவே படைத்தளமாயிற்று. இந்தியக் கடற்படையின் தெற்குக் கட்டளையகமும் இன்று கொச்சியில்தான் இருக்கிறது. படையினரைக் கண்டு பழகிய இந்நகரில், உடல் நலிந்து திரும்பிய வீரர்கள் நாடும் வேறோர் இடமும் உண்டு. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்தின் கொச்சி அமர்வே அது. கேரளம், லட்சத்தீவு, மாஹே ஆகிய பகுதிகளின் வழக்குகள் அங்கு வருகின்றன.

இவ்வழக்குகளுள் பல, மருத்துவக் குழு எழுதும் ஒரு வரியிலிருந்து பிறப்பவை: நோய் பணியால் விளைந்ததும் அன்று, பணியால் முற்றியதும் அன்று. குண்டடி பட்டவனுக்குக் காயமே சாட்சி. வலிப்போ மனநோயோ வந்தவனுக்குச் சாட்சி ஏது?

பிரிட்டன் இவ்வினாவுக்கு 1943இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, விடை கண்டது. மெய்ப்பிக்கும் பொறுப்பை வீரனிடமிருந்து எடுத்து அரசின்மேல் வைத்தது. இந்தியாவின் 1982ஆம் ஆண்டுத் தகுதி விதிகளிலும் அக்கருத்து இருந்தது. சேரும்போது நோய் பதிவாகவில்லையெனில், வீரன் நலமாகவே வந்தான் என்று கொள்ள வேண்டியிருந்தது. ஐயத்தின் பயனும் அவனுக்கே உரியதாயிருந்தது. விதி இருந்தும் மறுப்பு ஓயவில்லை.

1985இல் தகவல் தொடர்புப் படைப்பிரிவில் சேர்ந்த தரம்வீர் சிங், ஏறத்தாழ ஒன்பது ஆண்டுப் பணிக்குப்பின் வலிப்பு நோயால் நீக்கப்பட்டார். ஊனம் 20 விழுக்காடு என்ற குழு, பணியோடு அதற்குத் தொடர்பில்லை என்றது. 2013இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சேர்க்கையின்போது நோயைக் கண்டறிய முடியாமற்போனது ஏன் என்பதற்குக் குழு காரணம் எழுத வேண்டும். அவர் வழக்கில் ஒரு காரணமும் எழுதப்படவில்லை. பல ஆண்டு அலைச்சலுக்குக் காரணம் ஒரு வெற்றிடம் என்பது வியப்பூட்டுவதே.

அடுத்த ஆண்டு ராம் அவதார் வழக்கில், 50 விழுக்காட்டுக்குக் குறைந்த ஊனத்தை 50ஆகக் கணக்கிடும் சலுகை பணிக்காலம் முடித்து ஓய்வுபெற்றோர்க்கும் உறுதியாயிற்று. முழு ஊனத்துக்கு ஊதியத்தில் 30 விழுக்காடு என்னும் கணக்கில், 20 விழுக்காட்டு ஊனமுடையவர்க்கு 6 கிடைத்த இடத்தில் 15 கிடைக்கும்.

ஆயினும் காலம் தாழ்ந்து வருவோர் இழப்பது மிகுதி. 1983இல் நீக்கப்பட்ட தர்செம் சிங் 1999இல்தான் நீதிமன்றம் ஏறினார். ஓய்வூதியம் மாதந்தோறும் தொடரும் உரிமையாதலால் தாமதம் அதை அழிக்காது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. நிலுவையை மட்டும், அவர் மனுச் செய்த நாளுக்கு முந்தைய 38 மாதங்களோடு நிறுத்திவிட்டது.