சப்புகஸ்கந்தைக் கோபுரமும் மட்டக்களப்புக் காற்றும்

வெள்ளவத்தையில இருக்கிற மட்டக்களப்பு ஆக்களிடம் "சூறாவளி" எண்டு சொல்லிப் பாருங்கள். எந்த வருசம் எண்டு கேட்கமாட்டார்கள். 1978 நவம்பர் 23 இரவு கிழக்குக் கரையைத் தாக்கிய காற்றில் 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தென்னந்தோட்டங்கள் அடியோடு சாய்ந்தன. இந்த நாட்டில் ஒரு உருக்குக் கோபுரத்தின் தகடு எத்தனை மில்லிமீற்றர் இருக்கவேண்டும் என்ற கணக்குக்குள்ளும் அந்த இரவு இருக்கிறது.

கொட்டாஞ்சேனையிலிருந்து களனி ஆற்றைக் கடந்து உள்ளே போனால் சப்புகஸ்கந்தை. 1969இல் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் அங்கேதான். மசகு எண்ணெயைச் சூடாக்கிப் பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் எனப் பிரிக்கிற உயரமான உருக்குக் கோபுரங்கள் நிற்கின்றன. உள்ளே இருக்கிற அழுத்தம்தான் இதுகளுக்குப் பெரிய சோதனை எண்டு தோன்றும். மேல்பகுதித் தகட்டுக்கு அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் இப்படியான உயர்ந்த கோபுரங்களின் அடித்தகட்டின் தடிப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது காற்று.

நிலத்தில் நட்ட கம்பு மாதிரி யோசியுங்கோ. காற்று படுகிற பக்கம் இழுபடும், மறுபக்கம் அமுங்கும். இழுவையை உருக்கு தாங்கிவிடும். அமுக்கத்தில்தான் மெல்லிய தகடு வெறும் பால்மாப் பேணி போல நெளிந்துவிடும். கோபுரத்தின் உயரத்தை இரட்டிப்பாக்கினால், அடியில் அதை வளைக்கிற திருப்பம் நாலு மடங்கு. காற்றின் வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் நாலு மடங்கு. (கோபுரத்தைத் தாங்கிற அடி உருளைக்குப் பொறியியலாளர்கள் வைத்த பெயர் 'ஸ்கேர்ட்'. பாவாடைதான்! அதுக்குள்ள எண்ணெய் இல்லை; பாரத்தையும் திருப்பத்தையும் அத்திவாரத்துக்கு இறக்கிறது மட்டும்தான் வேலை.)

இந்தக் கணக்கை உலகம் விரும்பிப் படிக்கவில்லை. 1879 டிசம்பர் 28இல் ஸ்கொட்லாந்தின் டே பாலம் ரயிலோடு ஆற்றுக்குள் விழுந்தது. வடிவமைத்த தோமஸ் பௌச் காற்றுக்கெண்டு தனியாக ஒன்றும் சேர்க்கவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. அதுக்குப் பிறகுதான் ரயில் பாலங்களுக்குச் சதுர அடிக்கு 56 இறாத்தல் காற்றழுத்தம் என்ற விதி பிரித்தானியாவில் வந்தது.

இங்கேயும் அதே கதைதான். சூறாவளிக்குப் பிறகு, 1980இல், பலத்த காற்றுக்கான கட்டட வடிவமைப்புக் கையேடு வந்து, நாட்டை மூன்று வலயங்களாகப் பிரித்தது. கிழக்குக் கரை முதலாம் வலயம்: சாதாரண கட்டடங்களுக்குச் செக்கனுக்கு 49 மீற்றர். கொழும்பு மூன்றாம் வலயம்: ஏறத்தாழ 33. ஒன்றரை மடங்குதானே எண்டு விடேலாது. விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், அது இரண்டு மடங்குக்கும் மேல். காற்றை மட்டும் பார்த்தால், அதே கோபுரத்தை மட்டக்களப்பில் நிறுத்த அடித்தகடு ஏறத்தாழ இரண்டு மடங்கு தடிக்கவேணும்.

ஆஸ்பத்திரி போல, அனர்த்தம் முடிந்த பிறகும் நிற்கவேண்டிய கட்டடங்களுக்கு அந்தக் கையேடு எண்ணை இன்னும் கூட்டியது: கிழக்கில் ஏறத்தாழ 54, கொழும்பில் 38.