தேநீர்க் கடையில் பிறந்த யந்திரம்

நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு தொல்லை உண்டு. நடக்கக்கூடியதைத்தான் அவன் எழுத வேண்டும். உண்மையில் நடந்ததை எழுதினால் சில சமயம் ஒருவரும் நம்பமாட்டார்கள். பன்னும் கேக்கும் வீணாகாமல் இருப்பதற்காக ஒரு தேநீர்க் கடைக் கம்பெனி சொந்தத்தில் ஒரு கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டது என்று நான் கதை எழுதியிருந்தால், "ஐயாவுக்குக் கற்பனை கொஞ்சம் அதிகம்!" என்று வாசகர்கள் சிரித்திருப்பார்கள். சரித்திரத்துக்கு அந்தக் கவலை இல்லை. அது பாட்டுக்கு நடந்துவிட்டுப் போகிறது.

ஜே. லயன்ஸ் கம்பெனி லண்டன் பிக்காடில்லி வீதியில் தன் முதல் தேநீர்க் கடையைத் திறந்தது 1894-ம் வருஷத்தில். நாளடைவில் கடைகள் பெருகி 200-ஐயும் தாண்டின. அவற்றில் பரிமாறிய பெண்களுக்கு 'நிப்பி' என்று கம்பெனி செல்லப் பெயரே வைத்திருந்தது. சாமான்கள் காட்பி ஹால் என்ற தலைமை இடத்தில் தயாராகிக் கடைகளுக்குப் போகும். ஒரு கோப்பைத் தேநீரில் கிடைக்கும் லாபமோ மிகச் சொற்பம். ஆனால் அந்தக் கோப்பைக்கும் ஒரு சீட்டு உண்டு. சீட்டைக் கூட்ட ஒரு குமாஸ்தா உண்டு. அவர் கூட்டியது சரிதானா என்று பார்க்க இன்னொருவர் உண்டு. தேநீரைவிடக் கணக்கு அதிகச் செலவு வைத்தால் வியாபாரம் உருப்படுமா?

இந்தக் கவலையைப் போக்க 1923-ல் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த ஓர் இளைஞரைக் கம்பெனி அமர்த்திக்கொண்டது. ஜான் ஸிம்மன்ஸ் என்பது அவர் பெயர். ஒவ்வொரு காகிதத்தையும் கையிலெடுத்து, "இது எதற்கு? இதைப் படித்து யார் என்ன தீர்மானம் செய்கிறார்கள்?" என்று கேட்பதுதான் அவர் வேலை. யந்திரம் வருவதற்கு இருபது வருஷங்களுக்கு முன்பே கேள்விகள் தயாராகிவிட்டன. இந்தக் கதையின் ரகசியமே இதில்தான் இருக்கிறதென்று நான் நினைக்கிறேன்.

1947-ல் தாம்ஸன், ஸ்டாண்டிங்ஃபோர்டு என்ற இரண்டு அதிகாரிகளைக் கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்பியது. பிரின்ஸ்டனில் அவர்கள் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் என்ற நிபுணரைச் சந்தித்தார்கள். அவரோ, "உங்கள் கேம்பிரிட்ஜிலேயே ஒரு கம்ப்யூட்டர் தயாராகிறதே!" என்கிற சமாசாரத்தைச் சொன்னார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்குக் கடல் கடந்து போன கதைதான்! திரும்பி வந்ததும் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக்கு 3,000 பவுன் கொடுத்து, உதவிக்கு ஓர் ஆளையும் அனுப்பினார்கள். 1949 மே மாதம் கேம்பிரிட்ஜ் யந்திரம் கணக்குப் போட்டது. உடனே ஜான் பிங்கர்ட்டன் என்ற என்ஜினீயரின் தலைமையில் லயன்ஸும் அதை ஒட்டி ஒன்றைக் கட்டத் தொடங்கியது. சுமார் 6,000 வால்வுகள் கொண்ட அந்த ராட்சஸனுக்கு 'லியோ' என்று நாமகரணம் செய்தார்கள்.

1951 நவம்பர்க் கடைசியில், ரொட்டி கேக்குகளின் அடக்க விலைக் கணக்கை லியோ ஏற்றுக்கொண்டது. வியாபார ஸ்தாபனம் ஒன்றின் அன்றாட வேலையைக் கம்ப்யூட்டர் செய்தது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. பிறகு சம்பளக் கணக்கு. அனுபவமுள்ள குமாஸ்தா ஒரு தொழிலாளிக்கு எட்டு நிமிஷம் எடுத்துக்கொண்ட கணக்கை அது ஒன்றரை விநாடியில் முடித்தது.

ஆனால் என்னைக் கவர்ந்தது இந்த வேகமல்ல. 1954-ல் வந்த தேநீர்க் கடை ஏற்பாடுதான். நம் வீடுகளில் பால்காரரிடம் தினம் இவ்வளவு பால் என்று ஒரு தடவை சொல்லிவிடுகிறோம். விருந்தாளி வந்தாலோ ஊருக்குப் போனாலோ மட்டுமே மறுபடி சொல்கிறோம். டேவிட் காமினரும் அவருடைய சகாக்களும் செய்ததும் இதேதான். திங்கட்கிழமைக்கு இவ்வளவு, செவ்வாய்க்கு இவ்வளவு என்று ஒவ்வொரு கடைக்கும் வாடிக்கை அளவு லியோவிடம் இருந்தது. கடையின் நிர்வாகி அம்மாள் பிற்பகலில் டெலிபோனில் மாறுதலை மட்டும் சொன்னால் போதும். கேட்கிற பெண் அதை அப்படியே அட்டையில் துளையிடுவாள். எந்தக் கடைக்கு எத்தனை என்ற பட்டியலை யந்திரம் அச்சிட்டுக் கொடுக்கும். எது விற்கிறது, எது தேங்குகிறது என்பதும் மேலதிகாரிகளுக்கு அப்போதைக்கப்போது தெரிந்துவிடும். போட்டிக் கடைக்காரர்களிடம் இப்படியொரு கண் இல்லை.

அப்படியானால் லயன்ஸ் இன்று உலகையே ஆண்டுகொண்டிருக்க வேண்டுமே? இல்லை. யந்திரத்தை மற்றவர்களுக்கும் விற்கத் தனிக் கம்பெனி ஆரம்பித்தார்கள். 1964-ல் அதைக் கைகழுவினார்கள். 1965 ஜனவரியில் முதல் லியோவை நிறுத்தினார்கள். ஜனங்களின் ருசி மாறிற்று. கூலியும் வாடகையும் ஏறின. அந்நிய நாட்டு நாணயங்களில் வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. 1978-ல் மதுபானக் கம்பெனியொன்று லயன்ஸையே வாங்கிவிட்டது. தேநீர்க் கடைகளும் ஒவ்வொன்றாக மறைந்தன.

யந்திரம் தோற்றதென்று நான் சொல்லமாட்டேன். நேற்று எத்தனை பன் மீந்தது என்று கேட்டார்கள். அது சரியாகவே சொல்லிற்று. பன் தின்கிறவர் நாளைக்கும் வருவாரா, இவ்வளவு கடன் தாங்குமா என்பவை அதன் அட்டைகளில் துளையிடப்படாத கேள்விகள். அவற்றைக் கேட்க இன்னொரு ஸிம்மன்ஸ் வேண்டும். இன்று லியோவைவிடப் பல லட்சம் மடங்கு வல்லமையுள்ள யந்திரத்தைப் பெட்டிக் கடைக்காரர்கூடச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். கேள்வியை மட்டும் இன்னமும் அவர்தான் கேட்டாக வேண்டியிருக்கிறது.