கருநிரலில் மின்சிக்கனம்: பொறுப்பு இடம்மாறிய வரலாறு

மடிக்கணினியின் மின்சிக்கனத்திற்கு யார் பொறுப்பு என்னும் வினாவுக்குக் கணினி வரலாறு மூன்று விடைகளைத் தந்துள்ளது. 1992இல் இன்டெல்லும் மைக்ரோசாஃப்ட்டும் வகுத்த ஏபிஎம் முறையில் அப்பொறுப்பு பெரிதும் பயாஸிடம் இருந்தது. 1996இல் அவ்விரு நிறுவனங்களும் தோஷிபாவும் வெளியிட்ட ஏசிபிஐ அதனை இயங்குதளத்திடம் ஒப்படைத்தது. 2009 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6.32, ரஃபேல் விசோக்கி உருவாக்கிய இயக்கநேர மின் மேலாண்மையை ஏற்றது. இதன்படி, கெர்னல் எனப்படும் கருநிரல் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பயன்பாட்டு எண்ணிக்கையை வைத்திருக்கும். அது சுழியானால், கணினி விழித்திருக்கையிலேயே அக்கருவி மட்டும் உறங்கலாம். எனினும் எண்ணிக்கையை உரிய தருணத்தில் கூட்டுவதும் குறைப்பதும் பெரிதும் கருவி இயக்கியை எழுதுவோர் கடமையாயிற்று. குறைக்க மறந்தால் மின்கலம் வீணாகும். முந்திக் குறைத்தால் கருவி பணியிடையே நின்றுவிடும்.

இவ்வரலாறு தமிழகத்திற்கு அயலானதன்று. திருமுடிவாக்கம் அடங்கிய தென்சென்னைப் புறநகரில், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏயு-கேபிசி ஆய்வு மையம், கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தில் சென்னை சி-டாக்குடன் இணைந்து பணியாற்றியது. அத்திட்டத்தில் உருவான பாஸ் லினக்ஸ், 2011 செப்டம்பர் 15இல் தொடங்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும் இடம்பெற்றது. மின்வெட்டு மிகுந்த அவ்வாண்டுகளில், மின்சாரமற்ற வேளைகளில் மின்கலம் தாங்கிய நேரமே மாணவருக்குக் கணினி நேரம். ஆகவே இயக்கி நிரலைத் தொழில்நுட்ப ஆவணமாக மட்டுமன்றிச் சமூக வரலாற்றுச் சான்றாகவும் வாசித்தல் தகும்.