பொப்பிசை கேட்கப் போன பாதை

ஈழத்துப் பொப்பிசையின் வரலாற்றை எழுதுவோர் பாடகர்களையும் இசைத்தட்டுக்களையும் வரிசைப்படுத்திவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். உரும்பிராய் நித்தி கனகரத்தினம் 1960களின் பிற்பகுதியில் கிற்றாரோடு பாடத் தொடங்கியது, திருகோணமலை பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள், ஏ. ஈ. மனோகரன் 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' ஆனது எல்லாம் பதிவாகியுள்ளன. மேடைக்கு முன்னால் நின்றவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது பதிவாகவில்லை. வன்னியிலிருந்தும் வந்தார்கள். தண்ணீரூற்று முஸ்லிம் பொடியன்கள் நாங்கள் சிலரும் அதில் இருந்தோம்.

1970களின் நடுப்பகுதி. முல்லைத்தீவு அப்போது தனி மாவட்டமாகவில்லை. 1970இல் பதவிக்கு வந்த சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்தது. தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வரத்துக் குறைய, உள்ளூர் எழுத்துக்கு இடம் கிடைத்தது. பாட்டுக்கும் அந்தக் காற்று கொஞ்சம் வீசியது என்றே நினைக்கிறேன்.

வயல் வெட்டிய கூலி கையில் இருந்தால் பஸ் ஏறுவோம். புதுக்குடியிருப்பு, பரந்தன், ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம். அல்லது மாங்குளம் வழியாக வவுனியா. கோயில் திருவிழா, கார்னிவல், பாடசாலை நிதிக்கான கலைவிழா, எதுவானாலும் சரி. நிகழ்ச்சி முடிய நடுச்சாமம். திரும்ப பஸ் இருக்காது. யாழ்ப்பாணமென்றால் சோனகத் தெருவில் உறவினர் வீட்டுத் திண்ணை. வவுனியாவென்றால் பஸ் நிலைய வாங்கு. "பைலா கேட்க ஆனையிறவு தாண்டவேணுமா?" என்பார் வாப்பா. மறித்ததில்லை.

சங்கீத வித்துவான்கள் இதைக் கூத்தடிப்பு என்றார்கள். எங்கள் பெரியவர்கள் ஹராம் என்றார்கள். இவ்விரு தரப்பும் ஒத்துப்போன விடயம் வேறொன்றும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. தாளம் போர்த்துக்கேயர் வழிவந்த பைலாத் தாளம். அதையும் விட எங்களை இழுத்தது மொழி. சினிமாத் தமிழே பாட்டுத் தமிழ் என்றிருந்த எங்களுக்கு, சந்தையிலும் வேலியோரத்திலும் பேசும் பேச்சு ஒலிபெருக்கியில் பாட்டாக வந்தது புதினம். 'சின்ன மாமியே' அப்படித்தான் எங்களைப் பிடித்தது.

1976, 77இல் லண்டனில் 'பங்க்' இளைஞர்கள் ஊர் ஊராக அலைந்ததைப் பின்னாளில் வாசித்தேன். மூன்று கோர்ட் தெரிந்தால் மேடை ஏறலாம் என்ற துணிவு அங்கும் இருந்தது, இங்கும் இருந்தது. அவர்களிடம் கோபம் இருந்தது. எங்கள் பாட்டில் கிண்டல்தான். கோபம் இங்கே சில ஆண்டுகள் பிந்தி வந்தது, வேறு பாட்டுக்களோடு.

1983க்குப் பிறகு இரவுப் பயணம் என்பதே இல்லாமல் போயிற்று. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் வீட்டுக் கசற்றுக்களும் தண்ணீரூற்றிலேயே தங்கிவிட்டன. புத்தளத்து முகாமில் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்தவனிடம் பொப்பிசை பற்றி யார் கேட்பார்கள்?

2018 ஜனவரியில் மனோகரன் சென்னையில் காலமானார். அன்றிரவு கனடாவிலிருந்து முள்ளியவளை நண்பன் தொலைபேசியில் அழைத்தான். சேர்ந்து போனவர்கள் ஏழு பேர். யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தோம். மூன்று பேர் வரைதான் எண்ண முடிந்தது.