இரண வைத்தியம் தமிழ் பேசிய கதை

ஓசூர்த் தொழிற்பேட்டையில் எந்திரத்தில் விரல் நசுங்கிய ஒரு தொழிலாளியை மருத்துவமனைக்குக் கொண்டு வருவதாக வைத்துக்கொள்வோம். விரலை அகற்ற வேண்டுமா, தசைநாணைத் தைத்துக் காப்பாற்ற முடியுமா என்பதை மருத்துவர் அவருக்கு விளக்கியாக வேண்டும். அதன் பிறகே ஒப்புதல் பெற வேண்டும். விளங்காமல் தரும் ஒப்புதல் வெறும் கைநாட்டுத்தான்!

மருத்துவர் படித்ததோ ஆங்கிலத்தில். அறுவை மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க இயலாதா? இயலும் என்று 150 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் காட்டிவிட்டார்.

அவர் அமெரிக்காவின் ஊஸ்டர் நகரில் 1822இல் பிறந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன். 1847இல் சமய ஊழிய மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் நோயாளிகளுக்கு மருத்துவம் செய்ததோடு, உள்ளூர் இளைஞர்களுக்கு மேனாட்டு மருத்துவமும் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் நடந்த வகுப்பை 1864இல் தமிழுக்கு மாற்றினார். சிற்றூர் மக்களிடையே தங்கித் தொண்டாற்றும் மருத்துவர்களை உருவாக்குவதே அவர் நோக்கம்.

பாடம் சொல்ல நூல் வேண்டுமல்லவா? கிரீனும் அவருடைய மாணவர்களும் மொழிபெயர்ப்பில் இறங்கினர். ராபர்ட் துருவிட் என்ற ஆங்கிலேயர் எழுதிய அறுவை மருத்துவ நூல், 'இரண வைத்தியம்' என்ற பெயரில் 1867இல் வெளிவந்தது. உடற்கூற்றை விளக்கும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வந்தது. 1873இல் தாயகம் திரும்பிய பிறகும் கிரீன் தமிழ்ப் பணியை விடவில்லை. 1884இல் அங்கேயே காலமானார்.

கலைச்சொல் ஆக்க அவர் ஒரு முறை வகுத்திருந்தார். முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுவது; கிடைக்காவிடில் வடமொழியை நாடுவது; அதுவும் பொருந்தாவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைய எழுதுவது. 'கெமிஸ்தம்' அப்படிப் பிறந்த சொல்லே. இன்று அதனை வேதியியல் என்கிறோம். அங்காதிபாதம் உடற்கூறியல் ஆயிற்று. இரண வைத்தியம் அறுவை மருத்துவம் ஆயிற்று.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜியும், 1916இல் சேலத்தில் அறிவியல் கலைச்சொற்களுக்காக ஒரு சங்கம் அமைத்தார். ஆகவே நமக்குச் சொற்பஞ்சம் என்றும் இருந்ததில்லை. ஆனால், அகராதியில் உறங்கும் சொல்லுக்கு உயிரில்லை. கிரீன் ஆக்கிய சொற்கள் வகுப்பறையில் ஒலித்தன. நோயாளியின் கட்டிலருகிலும் ஒலித்தன. நாளை மருத்துவராகப் போகும் மாணவர்களே, விரல் நசுங்கிய அந்தத் தொழிலாளிக்கு நீங்கள் எந்தச் சொற்களில் விளக்கப் போகிறீர்கள்?