பெல்ஜியத்துப் புளிப்பு பீரும் நம்மூர்க் கள்ளும்

கொட்டிவாக்கத்தில் எந்த வீட்டு அடுப்படியை ராத்திரி பத்து மணிக்கு எட்டிப் பார்த்தாலும் மூடி வைத்த ஒரு பாத்திரம் இருக்கும். உள்ளே இட்லி மாவு. அதில் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. அரிசியிலும் உளுந்திலும் ஏற்கனவே ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களே ராத்திரியோடு ராத்திரியாக வேலை செய்து, விடிவதற்குள் மாவைப் பொங்க வைத்துப் புளிக்கவும் வைத்து விடுகின்றன.

இதே வித்தையை பீரில் செய்து, அதை உலகம் முழுக்கத் தேடி வந்து குடிக்கும்படி செய்திருக்கிறார்கள் பெல்ஜியத்துக்காரர்கள். நாமும் இதே வித்தையைப் பனையிலும் தென்னையிலும் செய்தோம். ஆனால் நம் கதை வேறு மாதிரி முடிந்தது. ஏன்? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

அதென்ன புளிப்பு பீர்?

சாதாரண பீரில், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஒரே வகை ஈஸ்ட்டைச் சேர்ப்பார்கள். வெளியிலிருந்து வேறு எந்தக் கிருமியும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று கண்ணும் கருத்துமாக இருப்பார்கள். பிரஸ்ஸல்ஸ் நகரைச் சுற்றியுள்ள சென் ஆற்றுப் பள்ளத்தாக்கில் செய்யும் லாம்பிக் பீர் இதற்கு நேர் எதிர். முளைகட்டிய பார்லியோடு, முளைகட்டாத கோதுமையை 30 சதவீதத்துக்குக் குறையாமல் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். அந்த இனிப்பான சாற்றை அகலமான, ஆழமில்லாத ஒரு தொட்டியில் ஊற்றி ஓர் இரவு முழுக்கத் திறந்தே ஆற வைக்கிறார்கள். காற்றிலும் கட்டடத்திலும் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாக்களும் தாமாகவே அதில் குடியேறுகின்றன. வெயில் காலத்தில் வேண்டாத கிருமிகள் அதிகம் என்பதால் அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் காய்ச்சுவார்கள்.

பிறகு ஓக் மர பீப்பாயில் ஒன்று முதல் மூன்று வருடம் வரை கிடக்கும். புளிப்பைக் கொடுப்பவை பாக்டீரியாக்கள். தனி வாசனையைக் கொடுப்பது பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட். அதன் ஒரு வகைக்கு பிரஸ்ஸல்ஸ் நகரத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள்! ஒரு வருட, இரண்டு வருட, மூன்று வருட லாம்பிக்கைக் கலந்து புட்டியில் அடைத்தால் அது கூஸ். புளிப்புச் செர்ரிப் பழத்தை ஊறப்போட்டால் அது கிரீக்.

இந்த பீருக்கும் கஷ்டகாலம் வந்தது. இருபதாம் நூற்றாண்டில் மக்களின் நாக்கு இனிப்புக்குப் பழகியது. பல சிறு ஆலைகள் மூடப்பட்டன. சில ஆலைகள் சர்க்கரை சேர்த்து விற்க ஆரம்பித்தன. 1900-ல் தொடங்கப்பட்ட கான்டியோன் ஆலை, 1978-ல் தன் கட்டடத்தையே அருங்காட்சியகமாக்கி ஜனங்களை உள்ளே அழைத்தது. 1997-ல் லாம்பிக் தயாரிப்பாளர்கள் ஹோரால் என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள். பழைய முறைப்படி செய்த லாம்பிக்குக்கும் கூஸுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. 2016-ல் பெல்ஜியத்தின் பீர் கலாசாரத்தையே யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ருசி தெரிந்த ரசிகர்கள், விடாப்பிடியான தயாரிப்பாளர்கள், துணைக்கு நின்ற சட்டம் என மூன்றும் சேர்ந்துதான் அதைக் காப்பாற்றின.

தொண்டை நாட்டு பீர்

பீர் என்றாலே வெள்ளைக்காரன் கொண்டு வந்தது என்று நினைப்பவர்கள் பெரும்பாணாற்றுப்படையைப் புரட்டிப் பார்க்க வேண்டும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இந்தச் சங்க நூலின் பாட்டுடைத் தலைவன், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். வழியில் வலைஞர் குடியிருப்பில் என்ன கிடைக்கும் என்று சொல்லும் இடத்தில் ஒரு செய்முறையே இருக்கிறது. அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாய் உள்ள தட்டில் ஆற வைக்க வேண்டும். உரைகாரர்கள் முளை என்று பொருள் சொல்லும் 'அடை'யைக் கலக்க வேண்டும். இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, பிழிந்து எடுக்க வேண்டும். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன்!

அகலமான பாத்திரத்தில் ஆற வைப்பது, முளை சேர்ப்பது, நொதிக்க விடுவது... கிட்டத்தட்ட லாம்பிக்காரர்களின் வேலைதான் இது. கொட்டிவாக்கம் அதே தொண்டை நாட்டுக் கடற்கரையில்தான் இருக்கிறது. இங்கே மீனவர் குப்பம் இன்றும் உண்டு. அரிசி பீர்தான் இல்லை.

குடியைப் பாடிய அதே தமிழ்தான் குடியைக் கண்டிக்கவும் செய்தது. திருக்குறளின் 93-வது அதிகாரம் கள்ளுண்ணாமை. ஆக, இந்தச் சண்டை நமக்குப் புதிதல்ல.

கள் எப்படிப் புளிக்கிறது?

பனையேறி காலையும் மாலையும் மரம் ஏறுவார். பாளையைக் கட்டி, நசுக்கிப் பக்குவப்படுத்தி, நுனியை மெல்லிசாகச் சீவிவிட்டுக் கலயத்தை மாட்டுவார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நுண்ணுயிர்கள் அடங்கிவிடும். கிடைப்பது பதநீர். தடவாவிட்டால் சாறு சொட்டும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும். கிடைப்பது கள். ஒரே மரம், ஒரே சாறு. வித்தியாசம் ஒரு விரல் சுண்ணாம்புதான்.

லாம்பிக் போலவே இதிலும் காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாக்களும்தான் வேலை செய்கின்றன. ஆனால் நம்மூர் வெயிலில் வேகம் அதிகம். சில மணி நேரம் இனிப்பு, பிறகு புளிப்பு, அதையும் தாண்டினால் காடிதான். ருசி அறிந்தவர்களுக்கு இளங்கள் வேறு, புளித்த கள் வேறு. பனங்கள் வேறு, தென்னங்கள் வேறு. பல மரத்துக் கள்ளைக் கலக்காமல் 'ஒரு மரத்துக் கள்' கேட்டு வாங்கிக் குடித்தவர்களும் இருந்தார்கள். நம்மூரிலும் ரசிகர்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

வரியும் சட்டமும்

1886-ல் வந்த சென்னை ஆப்காரி சட்டம் கள், சாராயம் எல்லாவற்றையும் அரசின் வருமானக் கணக்குக்குள் கொண்டு வந்தது. அதனால் கள்ளுக்கடையை எதிர்ப்பது வெள்ளையர் அரசை எதிர்ப்பதாகவும் ஆனது. 1921-ல் மறியலின்போது பெரியார், சேலம் தாதம்பட்டியில் தன் தோப்பில் இருந்த 500-க்கும் மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டினார் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி.

1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அதனால் குறைந்த வருமானத்தை எப்படி ஈடுகட்டுவது? 1939-ல் பொது விற்பனை வரி வந்தது. வணிகவியல் படிப்பவர்கள் தேர்வுக்காகப் படிக்கும் விற்பனை வரியின் வரலாறு ஒரு வகையில் கள்ளுக்கடையில்தான் தொடங்குகிறது!

1948-ல் மதுவிலக்கு மாகாணம் முழுக்க வந்தது. 1971-ல் தளர்ந்தது. 1973-ல் கள்ளுக்கடைகளும் 1974-ல் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. 1981-ல் மீண்டும் திறந்தன. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் உருவானது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் மறுபடி தடை செய்யப்பட்டன. அன்று மூடிய கள்ளுக்கடை இன்று வரை திறக்கவில்லை. ஆனால் ஆலையில் செய்த மது நிற்கவில்லை. 2003-ல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது. 2023-24-ல் மது மூலம் அரசுக்குக் கிடைத்த வரி வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல்.

கணக்குப் பார்த்தால்...

கள்ளை எதிர்ப்பவர்களின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. தேவைக்கேற்ப மரம் சுரக்காது. அதனால் கலப்படம் சுலபம். கூலி முழுவதும் கடைக்குப் போய், பட்டினி கிடந்த வீடுகளின் கண்ணீரும் உண்மை. மதுவிலக்குக் கோரிக்கைக்குப் பின்னால் பெண்கள் உறுதியாக நின்றதற்கு அதுவே காரணம்.

ஆனால் தடை ஆனது புளித்த கள். தடை ஆகாதது அதைவிடப் பல மடங்கு போதை தரும் பிராந்தியும் விஸ்கியும். குடிதான் பிரச்சினை என்றால் இந்தக் கணக்கு இடிக்கிறது. புட்டி மதுவை எண்ணலாம், முத்திரை ஒட்டலாம், மாதக்கணக்கில் கிடங்கில் வைக்கலாம், வரி போடலாம். ஒரே நாளில் காடியாகிவிடும் கள்ளை அப்படிச் செய்வது கடினம். லாம்பிக்கைக் காப்பாற்றியதில் ஓக் பீப்பாய்க்கும் புட்டிக்கும் பெரிய பங்கு உண்டு. அது வருடக்கணக்கில் காத்திருக்கும். கள் காத்திருக்காது.

வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கங்கள் பனங்கள்ளைப் புட்டியில் அடைத்து விற்கின்றன. கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளு ஷாப்புகள் உண்டு. கொட்டிவாக்கம் வழியாகப் போகும் அதே ஈ.சி.ஆர். சாலையில் தெற்கே போனால் புதுச்சேரி. அங்கேயும் கள்ளுக்கடை உண்டு. தமிழ்நாட்டில் 2017-ல் தென்னை நீராவுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

கடை திறக்க வேண்டுமா, வேண்டாமா என்பது அரசியல். அதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் பனை ஏறத் தெரிந்தவர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள். எந்தப் பாளையை எப்போது சீவ வேண்டும், எந்தக் கள் எத்தனை நாழிகையில் எப்படிப் புளிக்கும் என்பதெல்லாம் அவர்களுடைய கையிலும் நாக்கிலும்தான் இருக்கிறது. பெல்ஜியத்துக்காரர்கள் தங்கள் புளிப்பை அருங்காட்சியகம் வைத்துக் காப்பாற்றினார்கள். நாம் குறைந்தபட்சம் எழுதியாவது வைக்க வேண்டாமா?