தூரிகைக்கும் கமராவுக்கும் இடையே

சலவைத் தொழிலால் பிழைத்த முதிய தாய் ஒருத்தி, மடித்த மூக்குக்கண்ணாடியின் ஒரு வில்லையைக் கண்ணருகே பிடித்து, எதையோ ஊன்றிப் பார்க்கிறாள். தலையிலே புள்ளியிட்ட துணி. நெற்றியிலே ஆழ்ந்த சுருக்கங்கள். 1924ஆம் ஆண்டில் அவளை இவ்வாறு படம்பிடித்தவர் அவளுடைய மகனே. முழுப்படத்தில் மேசையும் இருந்தது. அதன்மேல் அவள் பார்த்துக்கொண்டிருந்த சஞ்சிகையும் இருந்தது. அவற்றை வெட்டி நீக்கிவிட்டு, முகத்தையும் கையையும் மாத்திரமே அவர் எஞ்சவிட்டார். படத்தை எடுத்தது கமரா. வெட்டியதோ சித்திரகாரரின் கை. அந்த மகனே ருஷ்ய நாட்டுக் கலைஞர் அலெக்சாந்தர் ரொட்சென்கோ.

1891ஆம் ஆண்டிலே பிறந்த ரொட்சென்கோ, கசான் நகரத்துக் கலைப்பள்ளியில் ஓவியம் பயின்றார். பின்னர் அவருக்கு வாழ்க்கைத் துணையாகவும் கலைத் துணையாகவும் விளங்கிய வர்வாரா ஸ்தெப்பானோவாவை அவர் சந்தித்ததும் அங்கேதான். கவராயமும் அளவுகோலும் கொண்டு கோடுகளையும் வட்டங்களையும் வரைந்து பழகியவர் அவர். 1917ஆம் ஆண்டுப் புரட்சி பழையன யாவற்றையும் புரட்டிப்போட்டபோது, ஓவியத்துக்கும் இனி என்ன வேலை என்ற வினா அவர் உள்ளத்தில் எழுந்தது. 1921ஆம் ஆண்டில் மொஸ்கோ நகரிலே நடைபெற்ற கண்காட்சியொன்றில், முழுவதும் சிவப்பு, முழுவதும் மஞ்சள், முழுவதும் நீலம் என மூன்று ஓவியங்களை வைத்தார். ஓவியக் கலை இத்துடன் முடிந்தது என்பது அவரது துணிபு. அப்பொழுது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை.

தூரிகையைக் கீழே வைத்தவர் எதைக் கையில் எடுப்பது? அவர் முதலில் எடுத்தது கத்தரிக்கோல். 1923ஆம் ஆண்டு முதல், கவிஞர் மாயகோவ்ஸ்கி அடிகளை எழுத, ரொட்சென்கோ அரசாங்கக் கடைகளுக்கு விளம்பரச் சுவரொட்டிகளை அமைத்தார். அதே ஆண்டில் அக்கவிஞரின் காதற்காவியம் ஒன்றுக்கு, புகைப்படங்களை வெட்டி ஒட்டியே சித்திரங்கள் செய்தார். பிறர் எடுத்த படங்கள் தம் எண்ணத்துக்குப் போதாமற் போகவே, 1924ஆம் ஆண்டில் தாமே கமராவைக் கையாளத் தொடங்கினார். ஆக, புகைப்படத்துக்கு அவரை அழைத்து வந்தது வரைகலையே.

அக்காலத்துப் படப்பிடிப்பாளர் பலர் கமராவை வயிற்றுக்கு நேரே பிடித்துக் குனிந்து பார்த்தே படமெடுத்தனர். அது பழைய ஓவியத்தின் பார்வை என்றார் ரொட்சென்கோ. 1925ஆம் ஆண்டில், தாம் வசித்த கட்டடத்தின் மாடிமுகப்புகளைக் கீழே நின்று அண்ணாந்து படம்பிடித்தார். 1930ஆம் ஆண்டுப் படமொன்றில், குழந்தையை ஏந்திய பெண்ணொருத்தி படியேறுகிறாள். படிகளின் நிழல்கள் சாய்ந்த கருங்கோடுகளாகப் படம் முழுவதும் ஓடுகின்றன. முன்னர் அளவுகோலால் வரைந்த கோட்டை இப்பொழுது வெயில் அவருக்கு வரைந்து கொடுத்தது. புகைப்படமா, வரைகலையா என்று பிரித்துக் கேட்க இயலாத ஒரு பாதை அவருக்குக் கிட்டிவிட்டது.

ஆனால் அப்பாதையில் முள்ளும் இருந்தது. 1928ஆம் ஆண்டில் சோவியத் புகைப்படச் சஞ்சிகை ஒன்று, அவர் அந்நிய நாட்டவரைப் பார்த்துப் போலிசெய்கிறார் எனக் குற்றஞ்சாட்டியது. எக்காளம் ஊதும் சிறுவனை மோவாய்க்குக் கீழிருந்து எடுத்த 1930ஆம் ஆண்டுப் படமும் கண்டனத்துக்குள்ளாகியது. 1930களின் தொடக்கத்தில் அவர் சேர்ந்திருந்த கலைஞர் குழுவே அவரை விலக்கியது.

இந்நிலையிலேதான் 1933ஆம் ஆண்டில், வெண்கடலையும் பால்டிக் கடலையும் இணைக்கும் கால்வாய் வேலையைப் படமெடுக்கச் சென்றார். அதனைத் தோண்டியவர்கள் கைதிகள். ஆயிரக்கணக்கானோர் அங்கே மடிந்தனர். ரொட்சென்கோ எடுத்த படங்களில் நேரிய கோடுகள் உண்டு. உழைக்கும் கூட்டம் உண்டு. வேலைத்தலத்தில் இசை முழக்கும் வாத்தியக் குழுவும் உண்டு. அவற்றைக் கொண்டு அரசாங்கச் சஞ்சிகையின் இதழொன்றையும் அவரே அமைத்தார். மடிந்தவர்களுக்கு அப்பக்கங்களில் இடமில்லை.

பின்னர் 1930களின் நடுப்பகுதியில், முடிந்துவிட்டதென்று தாமே கூறிய ஓவியத்துக்கு அவர் திரும்பினார். சர்க்கஸ் காட்சிகளைத் தீட்டினார். 1956ஆம் ஆண்டில் மொஸ்கோவிலே காலமானார்.

அவர் கண்ட பாதை உண்மையானது என்பதில் ஐயமில்லை. இன்றைய சஞ்சிகை அட்டைகளிலும் சுவரொட்டிகளிலும் அதன் சுவட்டைக் காண்கிறோம். எனினும் எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது என்பதே அக்கலையின் உயிர்நிலை. தாயின் படத்தில் அவர் மேசையை வெட்டினார். தாய் உயர்ந்து நின்றாள். கால்வாய்ப் படங்களிலோ வெட்டப்பட்டவர்கள் மனிதர்கள். இரண்டையும் செய்தது ஒரே கைதான் என்பதை, கலையிலே தனக்கென ஒரு வழி தேடுவோர் மறவாதிருத்தல் நன்று.